உயிரோடு இருந்தால் அறுபத்தொன்று

அந்தப் பருவத்தில் மட்டும் ஆங்கில இலக்கிய வகுப்பில் பதினோரு அப்பாக்கள் செத்துப்போனார்கள்.

ஒருவர் கடலில். ஒருவர் பனிமூட்டத்தில் லாரி மோதி. இருவர் புற்றுநோயில், அதுவும் ஒரே வாரத்தில். போலீஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம், எல்லாக் கொலைகளும் கதையில் நடந்தவை. கொலையாளிகள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். தூண்டிவிட்டது மதிப்பெண்.

படைப்பெழுத்துத் தாளை நடத்திய பேராசிரியைக்குத் துக்கம் என்றால் உயிர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதுல ரணம் இருக்கு" என்றால் எண்பதுக்கு மேல். கண்ணாடியைக் கழற்றாமலே, "நல்ல முயற்சி" என்றால் ஐம்பத்தைந்து. வகுப்பில் பதினாறு பேர். மூன்றாம் ஆண்டு எழுத்துப் பிரிவுக்கோ ஆறே இடம். பருவத்தின் கடைசிக் கதையில் எழுபத்தைந்துக்குக் கீழே போனவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. பொது இலக்கியப் பிரிவுக்குப் போய்விட வேண்டியதுதான்.

கமாவுக்கு அந்த ஆறில் ஒன்று வேண்டும். முற்றுப்புள்ளியே வைக்காமல், மூச்சுவிடாமல் பேசுகிறவள் என்பதால் வகுப்பு வைத்த பெயர் கமா. பள்ளியிலிருந்தே எழுத்தாளர் ஆவேன் என்று வீட்டில் உயிரை வாங்கியவள். அவள் கொடுத்த முதல் இரண்டு கதைகளும் சிரிப்புக் கதைகள். இரண்டுக்கும் 'நல்ல முயற்சி'.

"உன் பிரச்சினை என்ன தெரியுமா? உன் கதைல எல்லாரும் நல்லா சாப்பிடுறாங்க, நல்லா தூங்குறாங்க" என்றான் கவிஞர். எப்போதும் கறுப்புச் சட்டையில் திரிவதால் அவனுக்குக் கிடைத்த பட்டம் அது. "வீட்ல யாராச்சும் போய்ச் சேர்ந்திருக்காங்களா?"

"எல்லாரும் குண்டுக்கல்லாட்டம் இருக்காங்க."

"சே, பாவம் நீ."

"நீ யாரக் கொன்ன?"

"அப்பாவ. ரெண்டு தடவ." அப்போது அவன் கைப்பேசி அடித்தது. "சொல்லுங்கப்பா" என்றபடி நகர்ந்தான்.

கமாவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கடைசிக் கதைக்காக ஒரு ஞாயிறு மாலை, அவர் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதே அவரைத் தீர்த்துக்கட்டினாள். மகளின் பிறந்தநாள் நினைப்பில் மெயின் சுவிட்சை அணைக்க மறக்கிறார். ஒற்றைக் கயிறு அறுகிறது. ஒன்பது மாடி. முடிந்தது கதை.

வகுப்பில் கதையை அலச ஒரு முறை உண்டு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிய்த்துப் போடுவார்கள். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கவே கூடாது. கதையில் 'நான்' என்று பேசுவது எழுதியவர் அல்ல, இரண்டையும் குழப்புகிறவன் வாசகனே அல்ல என்பது பேராசிரியை முதல் வாரமே போட்ட இன்னொரு விதி.

அதே பேராசிரியை அன்று கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவே இல்லை.

"இது கற்பனை இல்ல. இந்த வலிய யாரும் கற்பனை பண்ண முடியாது. எப்பம்மா நடந்துச்சு?"

கமா வாயைத் திறந்தாள். பேராசிரியையின் ஆள்காட்டி விரல் உயர்ந்தது.

"வேணாம். விதி விதிதான். பேசாத. உன் மௌனமே எனக்குப் போதும்."

தொண்ணூற்றிரண்டு!

வகுப்பு முடிந்ததும் விதியும் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூச்சுவிடாமல் பேசுகிறவள், நான்கு மாடி இறங்கும்வரை மூச்சே விடவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு அழைப்பு மணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். வாசலில் ஓர் ஆள். அவன் தோளில் லாரி டயர் அளவுக்கு ஒரு மலர்வளையம்.

"துக்க வீடு இதானே?"

"யாரு போயிட்டாங்க?"

அந்த ஆள் சீட்டைப் பார்த்தான். "லிஃப்ட் மெக்கானிக்காம். வேலை பாக்கும்போதே போயிட்டாராம், பாவம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப நெருக்கம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வளையத்தில் தொங்கிய அட்டையில் 'ஆழ்ந்த அனுதாபங்களுடன், ஆங்கிலத் துறை' என்று இருந்தது.

"பாப்பா! இங்க வா."

ஐந்து நிமிட அழுகைக்குப் பிறகு கதை அவர் கைக்கு வந்தது. லிஃப்ட் கம்பெனிக் கையேடுகளைப் படித்துப் படித்து ஆங்கிலம் பழகியவர். இதையும் அப்படியே, கையில் பென்சிலோடு, வரிவரியாகப் படித்தார்.

"என்னை என்ன பண்ணிருக்கா?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"ஜன்னல் பக்கத்துல உக்காந்து மழையப் பாத்துட்டே இருக்க."

"உக்காரவாவது வச்சாளே."

கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பென்சில் நின்றது. முகம் மாறியது.

"மெயின் சுவிட்ச அணைக்க மறந்துட்டேனா?"

"கதைதானேப்பா..."

"செத்தது கதை, சரி. எல்லாரும் ஒருநாள் சாகத்தான் போறோம். இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவ மறந்திருக்கேனா? ஒரே ஒரு தடவ? எங்க ஆபீஸ்ல எவனாச்சும் இதப் படிச்சா என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

திங்கட்கிழமை அவர் சீருடையிலேயே வகுப்புக்குப் போனார். ஒரு கையில் கதை, தோளில் வளையம். பின்னால் கமா, தலை தொங்கியபடி.

பேராசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தார். "சார், நீங்க...?"

"செத்தவன்தாங்க மேடம். மன்னிக்கணும்."

பதினைந்து தலைகள் கமா பக்கம் திரும்பின.

"இதத் திருப்பிக் கொடுத்துட்டு, கதைல ரெண்டு தப்பு இருக்கு, அதையும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். லிஃப்டுக்கு ஒத்தக் கயிறு கிடையாது. நாலஞ்சு இருக்கும். எல்லாமே அறுந்தாலும் தண்டவாளத்தக் கவ்விப் பிடிக்க பிரேக் இருக்கு. அப்புறம் சுவிட்சு..."

"ஒரு நிமிஷம்" என்றார் பேராசிரியை. கண்ணாடி ஏற்கெனவே மூக்கில் ஏறிவிட்டது. "சார், எழுத்துக்கு நேர்மை வேணும். நடக்காத மரணத்துக்கு நான் மார்க் போட முடியாது."

பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்போ இப்ப எவ்ளோ?"

சிவப்புப் பேனா கோடு கிழித்தது. "அறுபத்தொண்ணு."

"செத்தா தொண்ணூத்திரண்டு, இருந்தா அறுபத்தொண்ணு. ஆக, என் உசுரு முப்பத்தொரு மார்க்கு." அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "மத்த பசங்க அப்பாங்கல்லாம் நெஜமாவே போயிட்டாங்களா மேடம்?"

"அவங்க யாரும் இப்படி நேர்ல வந்து நிக்கலையே சார்!"

அப்போதுதான் கவிஞர் கையைத் தூக்கினான். "அங்கிள், அப்போ ஒரு மெக்கானிக் எப்படிச் செத்தா சரியா இருக்கும்?"

தொழிலைப் பற்றி ஒருவன் கேட்டால் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. கரும்பலகையில் படமே போட்டுவிட்டார். பத்து நிமிடம். பேனாக்கள் பறந்தன. பேராசிரியையும் ஓரமாகக் குறிப்பெடுத்தார்.

திருத்திய கதையை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு.

"அம்மாவ போட்டுத்தள்ளு. அவங்க பாக்கி இருக்காங்கல்ல?" என்றான் கவிஞர் போகிறபோக்கில்.

வராந்தாவில் அப்பா அவளை ஓரங்கட்டினார். "நான் போர்டுல போட்டத வச்சே எழுது பாப்பா. எண்பது நிச்சயம். எனக்கொண்ணும் வருத்தமில்ல. சுவிட்ச மட்டும் அணைச்சுடு."

மூன்று நாள் கமா முயன்றாள். ஒவ்வொரு தடவையும் கதைக்குள் அப்பா லிஃப்ட் குழிக்கு இறங்கும்முன் சுவிட்சை அணைத்தார். அதற்குப் பூட்டுப் போட்டார். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பையைத் தட்டியும் பார்த்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆளை எந்தப் பக்கத்திலிருந்து சாகடிப்பது? வியாழக்கிழமை அவள் தோற்றுப்போனாள். அவர் என்ன செய்தாரோ அதை மட்டும் எழுதினாள். வேலை முடிந்தது, பூட்டைக் கழற்றினார், லிஃப்டை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார், வீட்டுக்குப் போனார். அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை என்பது அவளுக்குத் தெரிந்தது. எழுத்துப் பிரிவில் இடம் கிடைக்காது என்பதும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். முதலிடம் கவிஞர், எண்பத்தெட்டு. அவனுடைய அப்பா மூன்றாவது தடவையாக, இம்முறை லிஃப்ட் குழியில், தொழில்நுட்பப் பிழை ஒன்றுகூட இல்லாமல் இறந்திருந்தார். கமாவின் கதையில் ஒரே ஒரு வரி: 'நேர்த்தி உண்டு, இழப்பு இல்லை. 73.'

வீட்டுக்கு வந்தபோது அப்பா கருவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ?"

"எழுபத்திமூணு. ரெண்டு மார்க்ல சீட்டு போச்சு."

துடைப்பது நின்றது. "நான் போர்டுல போட்ட மாதிரி எழுதலையா?"

"இல்ல."

"எழுதியிருந்தா கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சிருக்கும்."

"பைத்தியம்" என்றார். துணியை உதறி மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "பரவால்ல, உசுரோட இருந்தே பன்னெண்டு மார்க்கு ஏறியிருக்கேன். சரி, அந்தப் பொதுப் பிரிவுல என்ன படிப்ப?"

"பழைய எழுத்தாளருங்களப் படிக்கணும்."

"அவங்கல்லாம்...?"

"எல்லாரும் செத்துட்டாங்கப்பா. நெஜமாவே."

"அப்பாடா" என்று சொல்லி அப்பா பெட்டியை மூடினார்.