கடல் எலி

புயல் ஓய்ந்த காலையில், போர்ச்சுகலின் பெனிச்சே கடற்கரையில் அதெலினா கால்போன போக்கில் நடந்துகொண்டிருந்தாள். கணவர் ஃபிர்மினோவை நாத்தனார் ஒத்திலியா வந்து பார்த்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு மூச்சு விட வாய்த்தது. அவர் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து தூக்கி, துடைத்து, ஊட்டி, இடுப்பே விட்டுப்போயிருந்தது.

பாசிக் குவியலில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ கிடந்தது. செத்த எலி என்று விலகப் போனவள், வெயில் பட்டதும் நின்றுவிட்டாள். ஓரத்து மயிரெல்லாம் பச்சையும் பொன்னுமாக மின்னியது. தலையும் இல்லை, வாலும் இல்லை. கரையொதுங்கிக் கிடந்த வாளியில் கடல்தண்ணீரோடு அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"என்னடி இது, எவளோட சவுரிய தூக்கிட்டு வந்திருக்க?" என்று ஒத்திலியா மூக்கைப் பொத்தினாள்.

"உங்க தம்பிக்குத் தெரியும்க்கா. காலமெல்லாம் இழுவைப் படகுல மீன்பிடிக்கப் போனவராச்சே."

"தெரிஞ்சு? வாயத் தொறந்து சொல்லிடப் போறானாக்கும்!"

வாதத்துக்குப் பிறகு ஃபிர்மினோவின் நாக்கில் தங்கியது ஒரே சொல்தான்: செருப்பு. ரொட்டியும் செருப்பு, தண்ணீரும் செருப்பு, அதெலினாவும் செருப்பு.

அவர் நல்ல கையை வாளிக்குள் விட்டு அதைப் புரட்டினார். "செருப்பு," என்றார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அடிப்பக்கம் வரிவரியாக, அசல் செருப்பின் அடிபோலவே இருந்தது.

"இப்பத்தாண்டா சரியாச் சொல்லியிருக்க!" ஒத்திலியா வெடித்துச் சிரித்தாள். ஃபிர்மினோவின் வாயும் ஒருபக்கமாகக் கோணிச் சிரித்தது. கூடச் சிரித்த அதெலினாவுக்கு அது எப்போது அழுகையானது என்றே தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒத்திலியா லிஸ்பனில் கடலுயிரியல் படிக்கும் தன் மகளுக்குப் போனில் படம் அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"புழுவாம்டி! கடல் எலின்னு பேராம். ஆழத்துச் சேத்துல கிடக்கிறத புயல் தூக்கிப் போட்டிருக்கு. உசிரிருந்தா திரும்ப விடச் சொல்றா."

வாளிக்குள் மயிர்கள் மெல்ல அசைந்தன. அதெலினா வாளியைத் தூக்கப் போனாள், ஒத்திலியா முந்திக்கொண்டாள்.

"நீ உக்காரு. நான் போறேன்."

"உங்க முட்டி வலி?"

"உன் மூஞ்சியப் பாக்கிறதுக்கு முட்டி வலியே தேவல. தூங்குடி."

ஒத்திலியா தெருமுனை திரும்புவதற்குள், கடல்தண்ணீரில் நனைந்த துணியோடே கணவர் பக்கத்தில் அதெலினா தூங்கிப்போனாள்.

விழித்தபோது சாயங்காலம். சமையலறையில் ஒத்திலியா வைத்த கீரை சூப் வாசம்.

"விட்டீங்களாக்கா?"

"விட்டேன். மணலுக்குள்ள புகுந்துக்கிச்சு. திரும்பிக்கூடப் பாக்கல."

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை, போர்வையை இழுத்துக்கொண்டாள்.