வல்பினாவைத் தவிர்த்த ரயில் பயணம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது துணி துவைக்கும் அறையில். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகளுக்கு ஒரே இயந்திரம். செவ்வாய்க்கிழமை என்னுடைய நாள். அந்தச் செவ்வாயன்று மேல்மாடி மெங்கியா ஒரு கூடை அழுக்குத்துணியோடு இறங்கி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், என் ஈரச் சட்டைகளை வாரி மேசைமேல் போட்டுவிட்டுத் தன் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் திணித்தாள். எங்கள் சுவிட்சர்லாந்துக் கூர் நகரத்தில் மனைவியை விட்டு ஓடிப்போனவனைக்கூட மன்னிப்பார்கள். அடுத்தவர் துவைக்கும் நாளில் கூடையோடு வருபவரை மன்னிக்க மாட்டார்கள்.

"இன்னிக்கு என் நாள்" என்றேன்.

"தெரியும். புகார் எழுதிக் கதவுல ஒட்டு. நல்லா பெருசா எழுது."

பிறகு ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படி. படிச்சிட்டு, இத எழுதுனவன மனுஷன்னு சொல்லலாமான்னு சொல்லு."

தாளின் தலைப்பு: 'நிதானமான பயணம். ஐந்து நாள்.'

2

நான் எழுத நினைத்தது வேறு கதை. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வளர்ந்தவன் நான். அவற்றில் ஆல்ப்ஸ் மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கம்பளி போர்த்தி உட்கார்ந்து மெல்ல இருமுவார்கள், காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கும் அப்படி ஒன்று எழுத ஆசை. முயன்றதை மறைக்கவில்லை:

பனிச் சிகரங்களின்மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கூரை வைத்த சிவப்பு ரயில்

(வேண்டாம். நாட்காட்டிப் படம்.)

வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் நேரத்துக்குப் போய்ச்சேர உழைத்த ஒரு மனிதன், ஓய்வு பெற்ற பிறகு

(இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் அவன்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள். அதற்கு நான் தயாராக இல்லை.)

அதனால் சமையலறையிலிருந்து தொடங்குகிறேன்.*

* அறுபத்தாறு வயதுக் கணவனை 'அவர்' என்றும் அறுபத்து நான்கு வயது மனைவியை 'அவள்' என்றும் எழுதுவது நம் வழக்கம். எழுதிப் பார்த்தேன். அந்த 'அர்' விகுதி வந்ததும் என் கோபம் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி கொடுத்தது. ஆகவே இங்கே இருவரும் சமம். அவள், அவன். அவர்களும் நாற்பத்து மூன்று வருடமாக ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

3

மெங்கியாவின் கணவன் பால்சர், ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவன். எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பது அவன் வேலை. மெங்கியா கேட்டது ஒன்றே ஒன்று: அவசரமில்லாமல் ஒருமுறை சுற்றிவர வேண்டும். ஏரி வந்தால் இறங்க வேண்டும், சலித்தால் அடுத்த வண்டி ஏற வேண்டும்.

அதைத்தான் அவன் மூன்று வாரம் உட்கார்ந்து தாளில் இறக்கியிருந்தான். முதல் நாள் தாவோஸ் ஏரி: நடை, ஐம்பது நிமிடம். இரண்டாம் நாள் பெர்னினா கணவாய் தாண்டி போஸ்கியாவோ ஏரி: மீன் சாப்பாடு, எழுபது நிமிடம். மூன்றாம் நாள் லுகானோ: ஏரிக்கரைப் பெஞ்சு (நிழலில் உள்ளது), நாற்பத்தைந்து நிமிடம், 'சும்மா இருத்தல்'. நான்காம் நாள் ஆண்டர்மாட்.

சும்மா இருத்தலுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியதைப் பார்த்து மெங்கியா சிரித்தாள். அதற்குக் கோபப்படவில்லை. அவனை அவளுக்குத் தெரியும். ஐந்தாம் நாளுக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

ஆண்டர்மாட்டிலிருந்து கூருக்கு வர ஒரு நேர்வழி உண்டு. கணவாய் ஏறி, ரைன் பள்ளத்தாக்கில் இறங்கினால் வீடு. உலகமெல்லாம் இருந்து ஆட்கள் அந்தத் தடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பால்சர் அதைத் தொடவே இல்லை. வடக்கே இறங்கி, லூசெர்ன் போய், சூரிச் போய், நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்திருந்தான்.

"அஞ்சாம் நாள் ஏன் இப்படிச் சுத்திக்கிட்டு வருது?"

"ஏரி வேணும்னு நீதான கேட்ட. கூட ரெண்டு ஏரி போட்டிருக்கேன்."

"பள்ளத்தாக்கு வழியா வந்தா சீக்கிரம் வந்துடலாமே."

"அவசரமே வேணாம்னும் நீதான் சொன்ன." அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். "தவிர, அங்க ஏரி இல்ல."

"அங்க என்ன இருக்குன்னு நான் சொல்லட்டுமா?"

பென்சில் ஏற்கெனவே கூராக இருந்தது. அவன் மேலும் சீவினான்.

"வல்பினா இருக்கு. வாயத் தொறந்து சொல்லு பால்சர். பொண்ணு இருக்கிற ஊர் வழியா போக மாட்டேன்னு சொல்லு. பாவம், அந்த ஏரிங்க மேல ஏன் பழி போடற?"

"வல்பினால வண்டி சும்மா நிக்காது மெங்கியா. உள்ள இருக்கிறவங்க பொத்தான அமுக்கினாதான் நிக்கும்."

"அமுக்க எனக்கு வெரல் இல்லையா?"

"அமுக்கி? எறங்கி? பதினோரு வருஷம் கழிச்சுக் கதவத் தட்டி, 'ஏரி பாத்துட்டு வர்றோம், காப்பி இருக்கா'ன்னு கேப்பியா?" அவன் சீவலை உள்ளங்கையில் ஒதுக்கினான். "இல்ல, எறங்காம ஜன்னல்ல ஒக்காந்து அவ வீட்டுக் கூரையப் பாத்துக்கிட்டே போகலாமா? அதுக்கு எத்தன நிமிஷம் போடட்டும், நீயே சொல்லு."

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கடைசியாகப் பேசினானே, அது வலியோடு பேசியது. கொடியவன் அப்படிப் பேசக்கூடாது.

பால்சரை மோசமானவனாக்க மூன்று முறை முயன்றேன். மேசையைக் குத்த வைத்தேன். குடிக்க வைத்தேன். ஒரு வரைவில் மகள் நேசாவின் கடிதங்களை அடுப்பில் போட வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நிஜத்தில் அவன் தினமும் மெங்கியாவுக்கு ஆப்பிள் தோல் சீவிக் கொடுப்பவன். குளிர்காலத்தில் அவள் செருப்பை வெப்பக்குழாய் ஓரம் வைப்பவன். அவனிடம் உள்ள ஒரே கொடுமை, அவன் எப்போதும் விதிப்படி நடப்பவன் என்பது. அதை எப்படித் திட்டுவது?

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் திட்டுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் மூவரும் வல்பினாவில் இருந்தார்கள். நிலையக் கட்டடம் காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து, ஆறு மேசை போட்டு, பார்லிக் கஞ்சியும் ரொட்டியும் விற்க நேசா ஊரிடம் அனுமதி கேட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம். அங்கே ரகசிய ஓட்டெல்லாம் இல்லை. எல்லோர் முன்னாலும் கை தூக்க வேண்டும். நேசா தானே வரைந்த படத்தைக் காட்டி நான்கு நிமிடம் பேசினாள். தலைவர் "ஆதரவானவர்கள்" என்று வாயெடுக்கும் முன் பால்சர் எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"விண்ணப்பிச்சிருக்கிறது என் மக. உறவுக்காரங்க வெளிய இருக்கணும்னு விதி இருக்கு. நான் வெளிய இருக்கேன்."

வெளியே போய்விட்டான்.

யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அந்த விதியை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததே இல்லை. முந்தைய வருடம் தலைவரின் மைத்துனனுக்குப் பனி அள்ளும் ஒப்பந்தம் போனபோது தலைவர் உட்கார்ந்த இடத்திலேயே கை தூக்கியவர். பால்சருக்கு மட்டும் நேர்மை பொத்துக்கொண்டு வந்தது. சொந்த மகள், தன் வாழ்க்கையை ஒரு தாளில் வரைந்துகொண்டு நிற்கிறாள். அப்பன் விதிப்புத்தகத்தைப் பார்க்கிறான்.

ஆதரவு நாற்பத்தொன்று. எதிர்ப்பு நாற்பத்திரண்டு.

கட்டடத்தை இரண்டு வருடம் கழித்துச் சமவெளிப் பல்வைத்தியர் ஒருவர் வாங்கினார். அதன் ஜன்னல்கள் வருடத்தில் இரண்டு வாரம் திறக்கும். பெற்றோர் கூருக்கு வந்துவிட்டார்கள். நேசா இன்னும் அதே ஊரில் பால்பண்ணையில் வேலை செய்கிறாள். தினமும் அந்த மூடிய ஜன்னல்களைக் கடந்துதான் போகிறாள்.

5

ஆக, இப்போது முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவு: ஐந்தாம் நாள். ரயில் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மெங்கியா பொத்தானை நோக்கி விரலை நீட்டுகிறாள். அவளுக்கு முன்னால் பால்சரின் கை எழுந்து பொத்தானை அழுத்துகிறது. அன்று கூடத்தில் எழாத கை

(நிறுத்து. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். பதினோரு வருடம் ஒரு பெண்ணை வெறும் ஜன்னல்களைப் பார்க்க வைத்துவிட்டு, ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கி எல்லோரையும் அழ வைப்பதா? அவனுக்கு இந்த மரியாதையை நான் தர மாட்டேன்.)

இரண்டாம் முடிவு: மெங்கியா தாளைக் கிழித்து எறிந்துவிட்டுத் தனியாகவே கிளம்புகிறாள். கூரிலிருந்து வல்பினாவுக்கு நேர்வண்டியில் ஒரு மணி பத்து நிமிடம்தான்

இதை எழுதும்போதுதான் என் கோபம் தடுமாறியது. ஒரு மணி பத்து நிமிடம். பதினோரு வருடம். இவள் ஏன் போகவில்லை?

கணக்குப் பார்க்கிற வாசகர் முன்பே கேட்டிருப்பார்: பால்சர் உள்ளே இருந்திருந்தாலும் நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு. சமமானால் அந்த ஊரில் தோல்விதான். அவனும் அதைத்தான் பிடித்துக்கொண்டு வாழ்கிறான். "நான் இருந்திருந்தாலும் சமம்தான்" என்பான். "நீயும்" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிடுவான். அந்த வாக்கியத்தை அவன் ஒருநாளும் முடித்ததில்லை.

ஒன்றை உங்களிடமிருந்து மறைத்துவிட்டேன். மெங்கியா நல்லவளாகவே இருக்கட்டும் என்று மறைத்தேன். அந்தச் செவ்வாயன்று, இயந்திரம் விரிப்புகளைச் சுழற்றிப் பிழிந்துகொண்டிருந்தபோது, நான் கேட்டேன்:

"கை எண்ணினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

இயந்திரம் நின்றதும் சொன்னாள்:

"கோட்ட நாற்காலியிலேயே விட்டுட்டுப் போயிட்டான் கழுத. வெளிய மைனஸ் பத்து. எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு ஓடி வந்துடலாம்னு போனேன். பொத்தான் போடத் தெரியாம நின்னான், கை வெறச்சுப்போச்சு. நான்தான் போட்டுவிட்டேன். ஒவ்வொண்ணா." கதவைத் திறந்து ஈர விரிப்பை வெளியே இழுத்தாள். "திரும்பி வந்தா, எண்ணி முடிச்சிட்டாங்க."

"நேசாகிட்ட இதச் சொன்னீங்களா?"

"என்னன்னு? உங்கப்பன் கோட்டுக்குப் பொத்தான் மாட்டிக்கிட்டிருந்தேன், அதான் உன் வாழ்க்கைக்குக் கை தூக்க முடியலன்னா? அவ வெளிய வந்து எங்க ரெண்டு பேரையும் பாத்தா. 'ஜோடியா வெளிய வந்துட்டீங்க, வெளியவே இருங்க'ன்னு சொன்னா. நானும் விதி பாத்துதான் வந்தேன்னு நெனச்சிருக்கா. நெனைக்கட்டும்னு விட்டுட்டேன். அது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு."

அப்போது அவள் முகத்தில் இருந்த ஆத்திரம் என் கையிலிருந்த தாளின்மேல் இல்லை. பால்சர்மேலும் இல்லை.

6

ஆகவே ரயில் இந்தக் கதையில் கிளம்பாது. மலையைப் பார்க்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டாம், கோபித்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. பெற்ற மகள் வீடானாலும் முதலில் தொலைபேசி. மெங்கியா மேலே போய், விரிப்புகளை உலர்த்தாமல் கூடையிலேயே வைத்துவிட்டு, நேசாவின் எண்ணை அழுத்தினாள். சமையலறை வாசலில் பால்சர் அழிப்பானும் பென்சிலுமாக நின்றான்.

"பத்து மணி பதினாலு நிமிஷ வண்டின்னு சொல்லு" என்றான் தாழ்ந்த குரலில். "எனக்கும் சேத்துச் சொல்லணும்னா சொல்லு. வேணாம்னா விட்டுடு."

"நீ வாய மூடு."

மணி நான்கு முறை அடித்தது. இங்கே எல்லோரும் செய்வதுபோல எதிர்முனை குடும்பப் பெயரைச் சொல்லித்தான் எடுத்தது:

"தேப்லாசஸ்."

மெங்கியாவும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் பெயரும் அதேதான்.

"ஹலோ? யாரு?"

மெங்கியாவின் அடுத்த வாக்கியத்தை ஏழு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஏழும் 'உங்க அப்பா' என்றே தொடங்குகின்றன. எட்டாவது, பொத்தான்களைப் பற்றியது, எனக்குத் தெரியும். அதை நான் எழுதிக் கொடுத்தால், தன் தப்பைச் சொல்லாமலே இன்னொரு முறை தப்பித்துக்கொள்வாள். அதற்கு நான் உடந்தையாக மாட்டேன். உங்களுக்கும் இதே மாதிரி ஒரு வாக்கியம் எங்கேயாவது கிடக்கிறதென்றால், அவளுக்கு என்ன கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

"பேசப் போறீங்களா இல்லையா? வெச்சுடுவேன்."

நேசா இன்னும் வைக்கவில்லை.