மொத்தம் என்றொரு மணி

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு அதற்குள் அடைத்துவிடுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

ஊரில் இருந்த ஐந்து நூலகங்களுக்கும் அதுதான் தலைமை அலுவலகம். எந்த நூலகத்துக்கு எந்த நாளில், எந்த மணியில், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கோப்புகள் அவளிடம்தான் வந்து சேரும். பிரித்துப் பார்க்காமல் மூட்டையாகவே கணினியில் ஏற்றுவாள். திரையின் இடது ஓரத்தில் நூலகம், நாள், மணி, வந்தவர்கள் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதைப் பிடித்து இழுத்து அட்டவணையில் விட்டால் போதும், ஆயிரத்துச் சொச்சம் வரி ஐந்தே வரியாகச் சுருங்கிவிடும். சட்டி நிறைய அள்ளிப் போட்ட கீரை வெந்த பிறகு ஒரு கரண்டிக்கு வருமே, அந்த மாதிரி.

திங்கட்கிழமை, போன மாதக் கணக்கு அப்படிச் சுருங்கி நின்ற ஐந்து வரியைப் பார்த்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைத்தெரு நூலகம் ஒன்பதாயிரத்து இருநூறு என்று மேலே நின்று பல்லைக் காட்டியது. கடைசி வரி சிவப்பாக எரிந்தது. வாய்க்கால் நூலகம், நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. கடைசியில் வருவதை மூடிவிடுவது என்று மேலாளர் சொல்லியிருந்தார். மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். அட்டவணையை அனுப்பாமல் இருக்க முடியுமா? அனுப்பிவிட்டாள்.

வாய்க்கால் நூலகத்தின் நூலகர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணி. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, அந்தத் தட்டுக்கு வேற முகமே வந்துடும் போலிருக்கே. அஞ்சு நிமிஷமா ஒண்ணையே தேய்க்கிற."

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நீ பாத்திரம் தேய்க்கிற ஆளா? சொல்லு."

சொல்லிவிட்டாள். அண்ணியோ பதினெட்டு வருஷமாக அந்த நூலகக் கதவைத் திறந்து மூடுகிறவள். எந்த அலமாரிக்குக் கால் ஆடும், எந்தப் பெரியவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார், யாரை எத்தனை மணிக்கு எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீயே போட்ட கட்டமா?"

"நானேதான்."

"அப்ப கடைசியில ஒரு முட்டையைச் சேர்த்துடேன். நாப்பத்து மூவாயிரத்து நூறு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அண்ணி!"

"நீ சேர்க்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன், பயப்படாதே. ஆமா, கடைத்தெருவுக்கு எவ்வளவு?"

"ஒன்பதாயிரத்து இருநூறு."

"ஒரு நாளைக்கு முந்நூத்தம்பது பேரா!" அண்ணியின் துண்டு தோளுக்கு ஏறியது. "போன வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் புத்தகம் மாத்த அங்க போனேன். மூணு பேரும் ஒரு ஃபேனும் இருந்தாங்க. அதுல ஃபேன் மட்டும்தான் முழிச்சிருந்தது. அத்தனை பேரும் எந்த மணிக்கு வர்றாங்களாம்? அதை மட்டும் எனக்குக் கேட்டுச் சொல்லு."

எந்த மணிக்கு? பேருந்தில் வழி நெடுகிலும் அந்தக் கேள்வி கட்டக்காரியின் காதிலேயே உட்கார்ந்துகொண்டு வந்தது. மேலாளர் கேட்டது நூலகத்தின் பெயரும் எண்ணும்தான். 'மணி'யை அவள் அட்டவணைக்குள் ஒரு நாளும் இழுத்துப் போட்டதில்லை.

அன்றைக்குப் போட்டாள். பத்து மணி, பதினோரு மணி என்று கட்டங்கள் ஆறு மணி வரைக்கும் ஒழுங்காக விரிந்தன. ஆறுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு மணி இருந்தது. அதன் பெயர் மொத்தம்.

கணினி போட்ட மொத்தமாக்கும் என்று நினைத்தாள். அதுவோ இன்னும் ஒரு கட்டம் தள்ளித் தனியாக நின்றது. அப்படியானால் நடுவில் இருக்கும் இவர் யார்? ஒரு கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளின் அடியிலும், மேலாளர் போட்ட உத்தரவுப்படி நூலகர்கள் எழுதிய அன்றைய மொத்தம் தனி வரியாக நின்றது. கணினி பாவம், அதற்கு என்ன தெரியும்? அதையும் ஒரு மணி என்று நம்பி, மரியாதையாகச் சேர்த்துக் கூட்டிவிட்டது. கடிகாரத்திலேயே இல்லாத அந்த மணியில்தான் பாதி ஊர் நூலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது!

வாய்க்கால் நூலகத்துக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி. அண்ணி மொத்தம் எழுதுவதே கிடையாது. எழுதச் சொல்லி மூன்று தடவை கடிதம் போயிற்று. மூன்றையும் தட்டச்சு செய்தது கட்டக்காரிதான். மூன்றாவது கடிதம் முதுகில் பதிலோடு திரும்பி வந்தது. "வர்றவங்களை வாங்கன்னு சொல்றது என் வேலை. கூட்டுறது உங்க வேலை. அதுக்குத்தானே கம்ப்யூட்டர்?"

'மொத்தம்' என்ற பெயருக்கு எதிரே இருந்த குறியை எடுத்து, அதைக் கணக்கிலிருந்து நீக்கினாள். மற்ற நாலு நூலகங்களின் எண்களும் பாதியாக இறங்கின. வாய்க்கால் நூலகம் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. சிவப்பு கீழே சரிந்து வேறொரு பெயரில் போய் நின்றது. அந்தப் பெயரைப் படித்ததும் கட்டக்காரிக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மூன்று மணிக்கு நூலகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் கையில் மூடும் கடிதம் தயாராக இருந்தது. ஜன்னலோரம் இருந்த அண்ணி அந்தத் தாளையே பார்த்தாள். கட்டக்காரி எழுந்தாள்.

"சார், நேத்து அனுப்பினது தப்பு. மொத்தத்தையும் ஒரு மணியாச் சேர்த்துட்டேன். பிரிச்சுப் பார்க்காதது என் தப்புதான். இதுதான் சரியானது."

மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஓஹோ. அப்ப கடைசி எது?" என்று உரக்கப் படித்தார். "தலைமை அலுவலக வாசிப்பறை, இரண்டாயிரத்து ஐந்நூற்று..."

ஐந்தில் ஒன்றாகக் கணக்கில் இருந்த, அவர் நாற்காலிக்கு நேர் கீழே உள்ள, அவரே கடிகாரம் வாங்கி மாட்டிய, அவரே பொறுப்பு பார்க்கிற அறை அது.

அறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் பேனாவைப் பார்த்தார்கள்.

"அதாவது..." மேலாளர் தொண்டையைச் செருமினார். "ஒரு மாசக் கணக்கை வச்சு ஒரு நூலகத்தை மூடுறதுங்கிறது... அவ்வளவு நல்லாவா இருக்கும்?"

"நல்லாவே இருக்காது சார்," என்றாள் அண்ணி. "நீங்க நேத்தும் இதையேதான் சொல்லியிருப்பீங்க."

கடிதம் நாலாக மடிந்தது, எட்டாக மடிந்தது, சட்டைப்பைக்குள் போனது. "இனிமே யாரும் மொத்தம் எழுதக் கூடாது. ஒரு கடிதம் அடிச்சுடும்மா," என்றார். கட்டக்காரி நாலாவது கடிதத்தையும் தட்டச்சு செய்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் நூலகத்தில் இறங்கினாள். அண்ணி, அலமாரிக்குப் பக்கத்தில் கிடந்த நல்ல நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

மறுநாள் வந்த கோப்பைக் கட்டக்காரி முதல் வேலையாகப் பிரித்துப் பார்த்தாள். மற்ற நாலு நூலகமும் உத்தரவை அப்படியே கேட்டிருந்தன. வாய்க்கால் நூலகத்தின் அடியில் மட்டும், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வரி கூடுதலாக இருந்தது.

"மொத்தம் 171. உன்னையும் சேர்த்து."