சுபஸ்ரீ கன்னத்து அம்பு

சுபஸ்ரீயின் இடது கன்னத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வந்து ஒட்டிக்கொண்டது போன ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி டீ நேரத்தில். பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, அதே அம்பு. அதன் முனை அவளுடைய மேலுதட்டைக் காட்டியது. பதினாறு வயதிலிருந்து அங்கே அவளுக்கு மெல்லிய மீசை உண்டு. அவள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நினைத்தவன் யுவன். வேலம்பாளையத்தில் ஒரே பனியன் கம்பெனியில் அவள் டெய்லர், அவன் செக்கிங். இரண்டு வருடக் காதல், தையில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசியாயிற்று. அதற்குள் இதைப் பக்குவமாகச் சொல்லிவிட மூன்று வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறான் மகராசன். சரக்கு எடுக்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவதுபோல முதலில் இரண்டு பாராட்டு, நடுவில் விஷயம், கடைசியில் ஒரு பாராட்டு. “தப்பா நெனைக்காதீங்க சுபா, அந்த மேலொதட்டு முடிய மட்டும் எடுத்துட்டீங்கன்னா…” என்றான். கடைசிப் பாராட்டு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, அம்பு ஒட்டிவிட்டது. அவன் கையில் டீ கிளாஸ்தான் இருந்தது. ஸ்டிக்கர் ரோல் மாடியில் மேஜைமேல் கிடந்ததை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள்.

“நானென்ன உங்க டேபிளுக்கு வந்த பீஸுங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் மிஷினுக்குப் போய்விட்டாள்.

தேங்காய் எண்ணெய், தின்னர், சுடுதண்ணீர், எதற்கும் அம்பு அசையவில்லை. கம்பெனி வழக்கமே அதுதானே: குறையைச் சரிசெய்த பிறகு ஒட்டியவரே பார்த்து ஓகே சொன்னால்தான் ஸ்டிக்கர் இறங்கும். யுவன் பதறிப்போய் தினமும் நூறு தடவை ஓகே சொன்னான். வாய்தான் சொன்னது, கண் சொல்லவில்லை. பியூட்டி பார்லர் ஆஃப்ரின், காசே வேண்டாம், நூல் போட்டு ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டால் அம்பு தானாக விழுந்துவிடும் என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் தெரியும். சுபஸ்ரீ மாட்டேன் என்றுவிட்டாள். பஸ்ஸில் முதலில் அம்பைப் பார்த்தார்கள், பிறகு உதட்டைப் பார்த்தார்கள், பிறகு பேசினார்கள். பக்கத்து அனுப்பர்பாளையத்தில் எத்தனை பாத்திரப் பட்டறை இருந்தால் என்ன, ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவள் ஒருநாளும் துப்பட்டாவால் முகத்தை மூடவில்லை. மார்கழி பிறந்ததும் அவள் அம்மா கமலாம்பாள் அழுதே விட்டார்.

“கண்ணாலத்தன்னைக்கு மட்டுமாச்சும் எடுத்துக்க சாமி. மாப்ள ஊட்டுல நிறுத்திப்போட்டாங்கன்னா?”

“நிறுத்தட்டும்மா. தாலி எனக்குத்தான் கட்டறாங்க, என்ற ஒதட்டுக்கில்ல.”

தையில் மீசையோடும் அம்போடும் மணவறை ஏறினாள். ஆல்பத்தில் இரண்டையும் அழித்துவிடலாம் என்று கேமராக்காரர் காதோடு சொன்னார். “அழிச்சீங்கன்னா போட்டோவே வேண்டாமுங்க” என்று அவள் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். யுவன் தாலியோடு குனிந்தான். அப்போதும் அவன் கண் ஒரு நொடி மேலுதட்டுக்குப் போனது. பாவி, தொழில் புத்தி. அவள் தலையைத் தாழ்த்தாமல் அவனையே நேராகப் பார்த்தாள். முதல் முடிச்சில் அம்பு அவள் கன்னத்தை விட்டுக் கிளம்பி யுவனின் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. முனை அவன் கண்ணைக் காட்டியது. மேளம் நின்றுவிட்டது. அதைப் பிய்க்க அவன் கையைத் தூக்கினான், அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடுங்க, இருந்துட்டுப் போகட்டும். நான் டேமேஜோடயே எடுத்துக்கறனுங்க.”

மீதி இரண்டு முடிச்சையும் அவன் போட்டான். இன்றும் அந்த அம்போடுதான் செக்கிங்குக்கு வருகிறான். புது ஆதார் கார்டிலும் அது தெளிவாக விழுந்திருக்கிறது. பதினொரு மணிக்கு இருவரும் டீ குடிக்கிறார்கள். அவள் மீசையில் நுரை ஒட்டினால் யுவன் கர்சீப்பை நீட்டுவான். தோன்றினால் வாங்கிக்கொள்வாள்.