அறுபத்திரண்டாவது பெயர்

அந்த டிவியை ஆலை வாசலில் மாட்டியது நான்தான். யாரும் என்னிடம் வந்து கெஞ்சவில்லை. கல்யாணமாகி விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வந்த புதிதில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், நானே வலியப் போய் மாமனாரிடம் சொன்னேன். ஆகவே திட்ட வேண்டிய ஆள் யார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. பெயர் பிரீத்திகா.

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் சென்னையில், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வண்டியில் போகிறவர் தாமதமானால் அவர் போனில் ஒரு சிவப்புக் கோடு வரும். அது என் யோசனை. கோடு வந்த பிறகு எல்லாரும் நாலு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். எந்த சிக்னலைத் தாண்டிப் போனார்கள் என்று நான் கேட்டதில்லை. கம்பெனியும் கேட்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

மாமா முத்துக்கிருஷ்ணனுக்குத் தாயில்பட்டி போகிற வழியில் பட்டாசு ஆலை. பூச்சட்டி, அதாவது புஸ்வாணம்தான் முக்கியச் சரக்கு. காகிதக் கூம்புக்குள் மருந்து செலுத்தும் வேலையில் மட்டும் அறுபத்திரண்டு பெண்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஆப் எதுவும் நடக்காது. அதனால் கேட்டுக்கு வெளியே, வேன் வந்து நிற்கிற இடத்தில், ஒரு பெரிய டிவியை வைத்தேன். கூம்புகள் அடுக்கிய ஒவ்வொரு தட்டிலும் அதை நிரப்புகிறவர் பெயரில் ஒரு ஸ்டிக்கர். நிரம்பிய தட்டைக் கேட் பக்கத்து எண்ணும் அறைக்குக் கொண்டுவந்தால் போர்மேன் சண்முகவேல் ஸ்கேன் செய்வார். உடனே டிவியில் பெயர் மேலே ஏறும். முதல் பத்துப் பெயர்கள் பச்சை, கடைசிப் பத்து சிவப்பு. தட்டோடு வருகிறவர்களுக்கு கேட் கம்பி வழியாகவே எல்லாம் தெரியும்.

பச்சைக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, சிவப்புக்கு ஒரு ரூபாய் குறைவும் இல்லை. வெறும் நிறம். இரண்டே வாரத்தில் சரக்கு கால் பங்கு கூடிவிட்டது. மாமா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மருமக செஞ்சது" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிப் பெயர் எப்போதும் தங்கத்தாய். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம், ஐம்பதை நெருங்கும் வயது, இருபது வருடமாக இதே வேலை. மருந்துக் கிடங்கு வேலை அறைகளிலிருந்து நூறு அடி தள்ளி இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு டப்பா மருந்துதான் எடுத்துவர வேண்டும். அது ஒரு தட்டுக்குச் சரியாக இருக்கும். அறைக்குள் மருந்து குறைவாக இருந்தால், ஏதாவது ஆனாலும் பிழைத்து ஓட வழி இருக்கும் என்பதற்காக வைத்த விதி. தங்கத்தாய் ஒரு டப்பா எடுப்பார், ஒரு தட்டு நிரப்புவார், தரையை ஈரத்துணியால் துடைப்பார், பிறகுதான் அடுத்த டப்பாவுக்கு நடப்பார். அந்த நடையையும் துடைப்பதையும் கணக்கில் எடுக்க என் டிவியில் இடமே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் வேனில் அவர் நின்றுகொண்டே போவதைப் பார்த்தேன். இருக்கை காலியாகத்தான் இருந்தது. சண்முகவேலிடம் கேட்டேன்.

"கடைசி ரெண்டு பேரு நின்னுக்கிட்டுதான் போகணும்மா. அது அவுகளா வச்சுக்கிட்ட சட்டம். நாம ஒண்ணுஞ் சொல்லல" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குப் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் போட்ட நிறத்தை அவர்கள் வேன் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள் அல்லவா.

புரட்டாசியில் தங்கத்தாய் பெயர் மேலே ஏற ஆரம்பித்தது. ஐம்பது, முப்பத்தொன்று, பிறகு மூன்று. மதுரையில் ஆலை முதலாளிகள் கூட்டம் ஒன்றில் அவருடைய ஏற்றத்தைத்தான் படம் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். எங்களுக்கும் இதை மாட்டிக் கொடுங்கள் என்று விஸ்வநத்தத்திலிருந்து இருவர் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை இன்னும் அழகாக்கலாம் என்று பெரிதுபடுத்தினேன். ஒவ்வொரு தட்டும் ஸ்கேன் ஆன நேரம் ஒரு புள்ளி. ஆரம்ப நாட்களில் தங்கத்தாயின் புள்ளிகள் ஒரே இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போயிருந்தன. இப்போது இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, பிறகு ஒரு பெரிய இடைவெளி, மறுபடி இரண்டு ஒட்டிக்கொண்டு. தட்டுகள் இரண்டிரண்டாக வருகின்றன என்றால் அறைக்குள் டப்பாக்களும் இரண்டிரண்டாகப் போகின்றன. மற்றவர்களின் புள்ளிகளைப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேரில் ஐம்பது பேருக்கு மேல் இதே கதை. சிலருக்கு மூன்று மூன்றாக. கைதட்டல் வாங்கியது இதற்குத்தான்.

மாமாவிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே தெரிந்திருக்கிறது.

"தீபாவளிக்கு இருபத்து மூணு நாள்தாம்மா இருக்கு. லோடு போய்க்கிட்டு இருக்கு. சீசன் முடியட்டும், கழட்டிருவோம்."

"அதுவரைக்கும் மாமா?"

"அதுவரைக்கும் சாமி இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டிவியின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. அங்கேயே, அவர் முன்னாலேயே, என் போனிலிருந்து அணைத்தேன். கூலிக்காகத் தட்டுகளை எண்ணுவது நடக்கும். பெயர்கள் மட்டும் இருக்காது. மாமா பூஜை அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வேன் வரும்போது கேட்டில் நின்றேன். பெரிய நல்லது செய்துவிட்ட நினைப்பு. இறங்கிய பெண்கள் கறுப்பாக இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. தங்கத்தாய் நேராக என்னிடம் வந்தார்.

"நேத்து சாயங்காலம் நான் மூணாவது. பச்சையில இருந்தேன். அதை எடுத்துப்போட்டீகளாம்மா?"

"அக்கா, நீங்க ரெண்டு டப்பா எடுத்துட்டுப் போறீங்க. எனக்குத் தெரியும்."

"எல்லாருந்தான் எடுக்காக."

"நீங்க எடுக்க மாட்டீங்களேக்கா. இருபது வருசமா எடுத்ததில்லையே."

"ஒத்த டப்பா எடுத்தப்ப என்னைய எங்கன போட்டீக? சிவப்புலதான போட்டீக. அம்புட்டுப் பேரும் சிரிக்க நின்னுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். அன்னைக்கு இந்த அக்கறை எங்க போச்சு?"

அவர் உள்ளே போய்விட்டார்.

பத்து மணிக்கு டீ நேரத்தில், எண்ணும் அறைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அறுபத்திரண்டு பெயர்களும் வரிசையாக. ஸ்கேன் ஆனதும் தன் கணக்கை ஒவ்வொருத்தியும் வந்து எழுதியிருக்கிறாள். முதல் பத்தைச் சுற்றி ஒரு கட்டம். கடைசிப் பத்துக்கு அடியில் கோடு. நான் துப்பட்டாவால் அழித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். தொட்டியில் கை கழுவிவிட்டுத் திரும்பினால் முதல் இருபது பெயர்கள் மறுபடி எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது அழகுமீனா, மூன்றாவது தங்கத்தாய்.

டீ முடிந்து தங்கத்தாய் கிடங்கிலிருந்து வந்தார். கையில் ஒரு டப்பா, சேலைத் தலைப்புக்குள் ஒன்று. நான் பின்னாலேயே போனேன். அவருடைய அறை வாசலில் பெயிண்டால் எழுதியிருந்தது: நான்கு பேருக்கு மேல் கூடாது. ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால் நாலு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். எல்லாருக்கும் பழகிய விஷயம் அது. கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ரப்பர் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று பெண்கள் அந்த நிமிடமே எழுந்து வெளியே போனார்கள். அழகுமீனா அதில் ஒருத்தி. தூரத்திலிருந்து சண்முகவேல் சத்தம் போட்டார்: "யம்மா, அங்கன என்ன செய்றீக? வெளிய வாங்க." கிட்டே வரவில்லை.

தங்கத்தாய் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்கக்கா. அஞ்சு பேராயிருச்சு, வேலை செய்யக் கூடாது."

"அவுகதான் போயிட்டாகளே. இப்ப ரெண்டு பேருதான இருக்கோம்" என்றபடி அடுத்த கூம்பை இழுத்தார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு டப்பா. போனவர்கள் விட்டுப்போனது ஐந்தோ ஆறோ. சாம்பல் நிற மருந்தை அவர் அள்ளிக் கூம்பில் போட்டு இடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் முதுகு கூசியது. வேகம்தான் வேகம். தரையில் சிந்தியதைத் துடைக்கவும் இல்லை.

"நீங்க போங்கம்மா. வீட்டுல தேடுவாக."

போனேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல், எண்ணும் அறை வரை வேகுவேகென்று வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கத்தாய் இரண்டு தட்டுகளோடு வந்தார். சண்முகவேல் இரண்டையும் ஸ்கேன் செய்தார். என்னால் வேலையை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டார் தங்கத்தாய்.

சண்முகவேல் எண்ணிக்கையைச் சொன்னார். தங்கத்தாய் தொட்டிச் சுவருக்குப் போய், தன் பெயரை அழித்து அழகுமீனாவுக்கு மேலே எழுதினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அழகுமீனா அந்தச் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மருந்துக் கிடங்குப் பக்கமாக ஓட ஆரம்பித்தாள்.