வாளியில் இரண்டு தட்டு

எங்கள் குளியலறையில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாது, வாசலுக்கு வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கொத்தனார் நம்பினார். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தரை மட்டம் பார்க்கும் அந்தக் கட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளாமல் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார். அதை எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரே ஓட்டமாக ஓடி ஒரு முனையில் ஒட்டிக்கொண்டது.

"இது தரை இல்லீங்க, சறுக்குமரம்" என்றார்.

அது மட்டுமா? சுவரில் முப்பது வருஷத்துப் பழைய ரோஸ் நிற டைல்ஸ், பாதி விரிசல். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுக் கம்பியைத் தூக்கினால்தான் தண்ணீர் இறங்கும். கதவின் தாழ்ப்பாளைத் துரு தின்று வருஷக்கணக்காகிறது. அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியே காலடி கேட்டால், உள்ளே இருப்பவர் குவளையால் வாளியில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். வெளியே இருப்பவர் "சரி சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சட்டம் போட்டது என் மனைவி. போட்டவள் அப்போது இங்கே இல்லை.

நான்கு வருஷமாக அவள் கடல் தாண்டி, முதியோர் விடுதி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். நடுவில் ஒரே ஒரு முறை, பதினைந்து நாள் வந்து போனாள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பத்தாவது படிக்கும் மகளும் நானும் இங்கே. இன்னும் மூன்று மாதத்தில் மனைவியின் ஒப்பந்தம் முடிய இருந்தது. அதற்காக நான் நாள்காட்டியைக் கிழிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். கிழித்தால் மெதுவாகப் போகிறது என்று ஒரு எண்ணம், பைத்தியக்காரத்தனம்தான்.

அந்தச் சமயத்தில்தான் இந்தக் குளியலறை ஆசை என் தலையில் ஏறியது. விடுதியில் அவளுக்குத் தந்திருக்கும் அறையைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தாள். கண்ணாடித் தடுப்பாம், தொட்டால் வெந்நீராம், கால் வழுக்காத தரையாம். சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நான்கு வருஷம் அதில் குளித்தவளை, தொட்டிக்குள் கையை விடு என்று எந்த முகத்தோடு சொல்வது?

ரசமட்டம், குளியலறை முழுவதையும் இடித்துக் கட்ட ஒரு தொகை சொன்னார். என் வேன் சம்பளத்தில் அது வாய்க்கும் வயிற்றுக்கும் போக மிஞ்சுகிற காசு இல்லை. அவள் ஒரு வருஷம் அங்கே வேலை செய்து மிச்சம் பிடிக்கிற பணம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

வாய்க்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு, "அப்ப இன்னும் ஒரு வருஷம் கையெழுத்துப் போட்டுடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். உங்களுக்கு அது வேணும்னா செஞ்சுடலாம்" என்றாள்.

எனக்கா வேண்டும்? நானும் மகளும் எருமை மாதிரி எதிலும் குளித்துக்கொள்வோம். உனக்காகத்தான் என்று சொல்ல வந்தேன். சொன்னால் வேண்டாம் என்பாள், பிறகு வந்து அந்தச் சறுக்குமரத்தில் நிற்பாள். வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருஷம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள்காட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் குளியலறையை ஒரு தடவை பார்க்க வேண்டும், எதை இடிப்பது எதை விடுவது என்று சொல்கிறேன் என்றாள். போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். விரிசல்களைக் காட்டினேன். தொட்டியைக் காட்டினேன். வாசலில் அணை கட்டிய சாக்கையும் காட்டினேன். அவள் சிரித்தாள்.

வெளியே மகளின் காலடி கேட்டது. என் கை தன்பாட்டுக்குக் குவளையை எடுத்து வாளியில் இரண்டு தட்டு தட்டியது. "சரி சரி" என்று முணுமுணுத்துவிட்டு மகள் போய்விட்டாள்.

போனில் சிரிப்பு நின்றிருந்தது. பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"இங்க நல்ல தாழ்ப்பாள் இருக்குங்க. ரெண்டு இருக்கு. ஆனா வராந்தால யாராவது நடந்தா நான் சோப்பு டப்பாவால சுவத்துல ரெண்டு தட்டு தட்டிடறேன். நாலு வருஷமா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்த ஊர்க் குளியலறையில், கண்ணாடித் தடுப்புக்குள், பதிலுக்குக் காத்துக்கொண்டு இவள் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு இந்தக் குளியலறை வேண்டவே வேண்டாம், உனக்காகத்தான் ஆரம்பித்தேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். நீங்கள் கேட்டீர்களே என்றுதான் நானும் சம்மதித்தேன் என்று அவள் திட்டினாள். நல்ல திட்டு. நேரில் கேட்டு நாளாகிவிட்ட திட்டு.

"கையெழுத்து வேணாம், வந்துடு" என்றேன்.

ரசமட்டத்துக்கு என்மேல் கோபம்தான். பெரிய வேலை கை நழுவிப்போயிற்று. இருந்தாலும் தரையை மட்டும் பெயர்த்து, தண்ணீர் வடிகாலுக்கு ஓடும்படி வாட்டம் சரிசெய்தார், ஃப்ளஷுக்குப் புது வால்வு போட்டார். ரோஸ் டைல்ஸ் விரிசலோடு அப்படியே இருந்தது. தாழ்ப்பாள் மட்டும் புதிதாக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். அவள் வயசுக்கு அது நியாயம். பொருத்தினேன்.

மூன்று மாதம் கழித்து என் மனைவி வந்தாள். பெட்டியை வைத்ததும் நேரே குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. எந்த வேலையும் இல்லாமல் அந்தக் கதவுப் பக்கம் நடந்தேன்.

உள்ளே இரண்டு தட்டு.

சரி என்ற இரண்டெழுத்து எனக்கு வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து அவளே சொன்னாள்.

"நான் இருக்கேங்க."