தவறு நோட்டின் இரண்டாம் பக்கம்

எங்கள் கருவி அறையில் ஒருத்தி கூப்பிடுவாள், இன்னொருத்தி திருப்பிச் சொல்வாள். "வளைஞ்ச கத்தரி ரெண்டு" என்று நெட்டை கூப்பிட்டால், நான் தட்டில் விரல் வைத்துப் பார்த்து "ரெண்டு" என்பேன். "சின்ன இடுக்கி பத்து" என்றால் "பத்து" என்பேன். மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொரு தட்டும் இரண்டு வாய், நான்கு கண் பட்ட பிறகுதான் துணியில் சுற்றிக் கட்டப்பட்டு நீராவிப் பெட்டிக்குள் போகும். பதினோரு வருடம் நானும் நெட்டையும் ஒரே மேசை. என் வீட்டுக்காரரோடு பேசிய சொற்களைவிட அவளோடு எண்ணிய இடுக்கிகள் அதிகம். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை.

அவள் நல்ல உயரம், அதனால்தான் நெட்டை. நான் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். எங்களுக்கு ஏணியும் முக்காலியும் என்று பெயர். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அவள் சொல்லும் மட்டமான ஜோக்குக்கு நான் கண்ணில் நீர் வரச் சிரிப்பேன். எண்ண ஆரம்பித்துவிட்டால் மட்டும் சிரிப்பு கிடையாது. "எண்ணும்போது கடவுளே வந்தாலும் வாசல்ல நிக்கட்டும்" என்பாள். வேலையில் சுத்தம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அவள் பக்கத்தில் நின்றேன், ஒட்டிக்கொண்டது.

மேற்பார்வையாளர் இடம் காலியானபோது என்னைப் பிடித்துத் தள்ளியதும் அவள்தான். நமக்காகப் பேச ஒரு வாய் வேண்டும், உனக்குத்தான் அது நீளம் என்றாள். விண்ணப்பித்தேன், கிடைத்தது. ஓரிரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள் என்றார்கள்.

அதே சமயத்தில் புது நிர்வாகி வந்தார். சுவரெங்கும் 'நாம் ஒரே குடும்பம்' என்று ஒட்டினார். குடும்பம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் மாமியார் வீடும் குடும்பம்தான். ஆனால் அவர் கொண்டுவந்த ஒன்றை நான் மனசார நம்பினேன். கதவருகே ஒரு தடித்த நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். தவறு செய்தவர் தானே அதில் எழுத வேண்டும். எழுதினால் தண்டனை இல்லை. எழுதினால்தான் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் திருத்த முடியும். நல்ல யோசனைதானே? நெட்டையோடு சேர்த்துப் பெண்கள் ஒன்பது பேரையும் கூட்டி, ஒரு முக்காலி மேல் ஏறி நின்று நானே விளக்கினேன். அவர் சொல்லித் தராத ஒன்றையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்."

முதல் மாதமே ஒரு தட்டில் பத்து இடுக்கிக்கு ஒன்பதுதான் இருந்தது. ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன் நர்ஸ் எண்ணியதால் தெரிந்தது. வேறு தட்டு வர பத்து நிமிடம் ஆனது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரிய டாக்டர் போட்ட சத்தம் எங்கள் அறை வரை கேட்டது. தட்டோடு போன சீட்டு குப்பைக்குப் போய்விட்டதால் கட்டியது யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மதியம் நெட்டை தானாக வந்து நோட்டைப் பிரித்தாள். 'இரண்டு பேர் எண்ண வேண்டிய தட்டை நான் ஒருத்தியே எண்ணினேன். ஓர் இடுக்கி குறைந்தது' என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் இடத்துக்கு அதுவரை ஆள் போடவில்லை. அவளே கூப்பிட்டு, அவளே திருப்பிச் சொல்லி, ஒரு மாதமாக இரண்டு பேர் வேலையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ இருக்கேன்னு சொன்னதாலதான் எழுதுறேன்," என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு நிர்வாகியிடம் ஓடினேன். பாருங்கள், ஆள் போடாததுதான் காரணம் என்று காட்டினால் உடனே ஆள் போடுவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, தட்டு சுற்றும் துணிகளைப் பார்த்து மடிக்கும் கீழ்த்தளத்துத் துணி அறைக்கு நெட்டையை மாற்றியிருப்பதாகச் சொன்னார். பெரிய டாக்டருக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமாம். "தண்டனை இல்லம்மா, இடமாற்றம்தான்." அவர் மேசை மேல் என் நிரந்தரக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீளமான வாய் என்று நம்பி அனுப்பினாளே, அதிலிருந்து வந்தது அந்த இரண்டு சொல்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் மேயக்கூட இல்லை, மாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

நெட்டை தன் டம்ளரையும் ஸ்வெட்டரையும் பையில் போட்டுக்கொண்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "வரேங்க மேடம்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த நோட்டில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதுவார்களா? நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். முனை மழுங்கிய கத்தரி சத்தமில்லாமல் மாறும். கட்டிய தட்டு என் முதுகுக்குப் பின்னால் பிரிக்கப்பட்டு மறுபடி கட்டப்படும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயை எல்லோருமாகச் சேர்ந்து சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம். நிர்வாகியோ வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துப் பூரித்துப் போனார். மூன்று வருடமாகத் தவறே இல்லாத பிரிவு என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதைத் துடைக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

எனக்கு நெட்டை வேண்டும். இதைவிட நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. அவள் இடுப்பால் இடித்து என்னை நகர்த்துவது வேண்டும். என் டப்பாவைத் திறந்து பாதியைத் தின்றுவிட்டு உப்பு இல்லை என்று குறை சொல்வது வேண்டும். இல்லாத காரணத்தை உண்டாக்கிக்கொண்டு துணி அறைக்குப் போவேன். அவள் துணிக்கட்டை நீட்டி, "சரி பார்த்துக்கோங்க மேடம்" என்பாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த மரியாதையை என்ன செய்வது?

போன மாதம் மற்ற மருத்துவமனைகளிலிருந்து பன்னிரண்டு பேர் எங்கள் பிரிவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு ஆனது. 'நல்ல பணிச்சூழலை உருவாக்கியது எப்படி' என்று நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். முதல் நாள் மதியம் பேச்சை எழுத உட்கார்ந்தேன். கை நோட்டுக்குப் போனது. முதல் பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்து. மற்றதெல்லாம் வெள்ளை. இரண்டாம் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன், அரை மணி நேரம் எழுதினேன். பிறகு கீழே போய் நெட்டையிடம், நாளைக்கு எல்லோர் முன்னாலும் உன் விஷயத்தைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவள் மடிப்பை நிறுத்தவில்லை. "எனக்காகன்னா வேண்டாம்ங்க. மேல எட்டுப் பேர் வாயக் கட்டிக்கிட்டு வேலை செய்றாங்க. ஒரு நாள் நர்ஸும் எண்ணாம விட்டுட்டா என்ன ஆகும்? அவங்களுக்காகன்னா சொல்லுங்க."

பாராட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல. திரும்பிப் படியேறினேன்.

மறுநாள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். நிர்வாகி கழுத்துப்பட்டை எல்லாம் கட்டி வந்திருந்தார். நான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தேன். பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். 'எழுதினால் ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்தது நான். எழுதியவளை மாற்றியபோது, என் வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று வாயைத் திறக்காதவளும் நான். அதற்குப் பிறகு இந்த நோட்டு காலியாக இருப்பது தவறு நடக்காததால் அல்ல. எழுதப் பயம். பயத்துக்குக் கொடுத்த கேடயம் அதோ இருக்கிறது.' கையெழுத்து, தேதி.

வந்தவர்களில் வயதான ஓர் அம்மா, அப்படியானால் இந்த மூன்று வருடத்தில் எத்தனை தவறு என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் இங்கே நோய் என்றேன். அப்போது எங்கள் எட்டுப் பேரில் பூச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற, வாயே திறக்காத ஒருத்தி, "போன வாரம் என்னோடது ஒண்ணு இருக்கு," என்றாள். வந்து நோட்டில் எழுதினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள்.

நிர்வாகி கெட்டிக்காரர். பன்னிரண்டு பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முதலில் கைதட்டியவர் அவர்தான். நாங்கள் விரும்பும் பண்பாடு இதுவே என்று பேசி முடித்தார். அந்த வாரக் கடைசிக்குள் நோட்டில் ஏழாம் பக்கம் வந்துவிட்டது. வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த இன்னோர் ஆளும் வந்து சேர்ந்தாள்.

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு கடிதம் வந்தது. மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து விடுவித்துத் துணி அறைக்கு மாற்றியிருந்தார்கள். தண்டனை இல்லம்மா, இடமாற்றம்தான் என்றார் நிர்வாகி. எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குப் பேர் தண்டனையா? கீழே அவள் இருக்கிறாளே. மறுபடி ஒரே மேசை. இடுக்கி இல்லாவிட்டால் என்ன, துணியை எண்ணிக்கொள்வோம். என் வயதுக்கு அவ்வளவு வேகமாகப் படியிறங்கியிருக்கக் கூடாது.

துணி அறையில் நெட்டை தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு கடிதம். கருவி அறைக்குத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள், இன்றே.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் விரும்பியதே இதுதான். இருந்தும் மறுபடி ஒரே மேசை இல்லை.

அவள் என் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு உள்ளே கைகாட்டினாள்.

"ஜன்னல் பக்கத்து மேசைய எடுத்துக்கோ. துணிய வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாத்தான் ஓட்டை தெரியும், விளக்குல தெரியாது. உனக்கு உயரம் பத்தாது. கீழ ஒரு பலகை போட்டுக்கோ."

மூன்று வருடம் கழித்து வந்த 'நீ'. "கோபம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"கோபம் எப்பவோ போச்சு," என்றாள். "நீ இல்லாமப் பழகிட்டேன் பாரு, அதுதான் போக மாட்டேங்குது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மேலே புது ஆளோடு சேர்த்து ஒன்பது பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். வாசல் வரை போய் ஒரு தடவை நின்றாள். அவள் படியேறிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் ஒரு பலகையைத் தேடப் போனேன்.